கப்பிச் சத்தத்தில் விடிந்த ஊர்

கடிகாரம் இன்னும் வந்து சேராத ஒரு கடற்கரை ஊர். அங்கே சேகனா லெப்பை தொழுகைக்குப் பாங்கு சொன்னால்தான் விடிந்ததாக அர்த்தம். இருபத்தேழு வருஷமாக அவர்தான் கடற்கரைப் பள்ளிவாசலின் மோதினார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய உஸ்தாது, பள்ளியில் முன்னால் நின்று தொழவைக்கும் அகமது நெய்னா ஹஜ்ரத்துக்கு நாற்பதுகூட நிறையவில்லை. தன்னைவிடச் சின்னவரிடம் ஓதுவதில் லெப்பைக்கு வெட்கம் கிடையாது. மாலை மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் நடுவே நடக்கும் சட்டப் பாடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகம் கேட்பவர் அவர்தான். பின்னால் கொட்டாவி விடுகிறவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

அன்று அவர் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பயந்துபோயிருந்தார்.

கண்ணில்தான் ஆரம்பித்தது. மழைக்காலத்துக்கு முன்பே அவருக்குப் புரை விழுந்துவிட்டது. விடியற்காலைத் தொழுகையான சுபுஹு நேரத்தில் மினாராவில் ஏறிக் கிழக்கே பார்த்தால், கடல் விளிம்பு வெளுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தார். வேலையைக்கூட விட்டுவிடலாம், "லெப்பைக்குக் கண்ணு போச்சாம்" என்று ஊர் பேசுமே, அதற்கு இன்னும் அதிகமாகப் பயந்தார்.

கண் போனால் என்ன, காது இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பள்ளிக்குத் தெற்கே பரதவர் குடியிருப்பு. கிழக்கு வெளுக்கும்போது அவர்கள் வள்ளத்தைக் கடலில் தள்ளுவார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். மணலில் வள்ளம் உரசுகிற சத்தம் கேட்டதும் லெப்பை பாங்கு சொல்லிவிடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அன்று காலையில் அவர் மீன் வாங்கப் போகும்வரை.

வள்ளக்காரர்களுக்குத் தலைவன் தொம்மை. ஒரு பாரை மீனை எடுத்து லெப்பையின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"மோதினாரே, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளு தொம்மை."

"நீங்க ராத்திரி உறங்குறதே இல்லியா?"

"ஏன் அப்படிக் கேக்குறே?"

"நாளுக்கு நாள் சீக்கிரமா தண்ணி எறைக்கிறீங்களே! பள்ளிக் கிணத்துக் கப்பி கத்துனாத்தான் எங்க பயலுவ எந்திரிப்பானுவ. எங்கப்பன் காலத்துலேருந்து அதான் எங்களுக்குக் கணக்கு. கப்பி கத்துச்சா, எந்திரிச்சு வள்ளத்தத் தள்ளு. இப்போ என்னடான்னா, கடலுக்குள்ள போயி வலைய மடியில வச்சுக்கிட்டு இருட்டுல குந்தியிருக்கோம். ரெண்டு நாழிகை கழிச்சுத்தான் கிழக்கு வெளுக்குது. பயலுவ என்னயப் போட்டு வையிறானுவ."

தொம்மை சிரித்துக்கொண்டேதான் சொன்னான். லெப்பையின் கையிலிருந்த பாரை மீன் நழுவி மணலில் விழுந்தது.

வீடு போய்ச் சேருவதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாங்கு தவறிவிடுமோ என்ற பயத்தில் அவருக்குத் தூக்கம் குறைந்தது. தூக்கம் குறையக் குறைய முன்னதாக எழுந்தார். எழுந்தவர் சும்மா இருக்க முடியாமல், தொழுமுன் கைகால் கழுவி ஒலு எடுக்கிற ஹவுள் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தார். கப்பி கத்தியது. அதைக் கேட்டுப் பரதவர்கள் எழுந்து வள்ளம் தள்ளினார்கள். வள்ளச் சத்தம் கேட்டு லெப்பை பாங்கு சொன்னார். பாங்கைக் கேட்டு ஊர் தொழுதது. இத்தனை பேரில் வானத்தைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

தொழுதுவிட்டு வெளியே வரும்போது இன்னும் இருட்டாக இருப்பதைச் சிலர் கவனிக்கத்தான் செய்தார்கள். மழைக்காலம், மூட்டமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குரிய நேரமான வக்து வருவதற்கு முன்னால் தொழுத தொழுகை, தொழுகை ஆகாது. பாடத்தில் முதல் வாரமே வரும் சட்டம் இது. அப்படியானால் ஊர் முழுக்கத் தொழுத சுபுஹு என்ன ஆயிற்று? எத்தனை நாளாக இப்படி? ஒரு மாதமா, இரண்டு மாதமா? லெப்பைக்கே தெரியவில்லை. 

இதற்கும் மேலே இன்னொரு பயம் இருந்தது. அதை அவர் நினைக்காமலிருக்கப் பார்த்தார். முடியவில்லை.

எட்டு நாளைக்கு முன்புதான் ஹஜ்ரத்தின் தாயார் சாரா உம்மாள் மவுத்தாகி அடக்கமாகியிருந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள். அன்று லெப்பையின் பாங்கு கேட்டதும் மகனைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, சுபுஹு தொழுது, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு சாய்ந்துவிட்டார்கள். ஊரே வந்து ஹஜ்ரத்துக்கு ஒரே ஆறுதலைத்தான் சொன்னது. "தொழுதுட்டுப் போயிருக்காங்க. யாருக்குக் கிடைக்கும் இந்த மவுத்து!"

ஹஜ்ரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதை முதலில் சொன்னவர் லெப்பை.

பாடம் முடிந்தது. எல்லாரும் கலைந்து போனார்கள். லெப்பை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன காக்கா, இன்னிக்கு ஒரு சந்தேகம்கூட வரலியே?" என்றார் ஹஜ்ரத். "உடம்புக்கு முடியலியா?"

"சட்டத்துல ஒரு மஸ்அலா கேக்கணும், ஹஜ்ரத்."

"கேளுங்க."

"ஒரு ஊர்ல ஒரு மோதினார்."

"எந்த ஊர்?"

"தூரத்து ஊர்."

லெப்பை தூரத்து ஊர்க் கதையைச் சொன்னார். அந்த ஊரிலும் ஒரு கடல் இருந்தது. தெற்கே பரதவர் குடியிருப்பு இருந்தது. கிணறும் கப்பியும் இருந்தன. மோதினாருக்குக் கண் மட்டும் ஏனோ நன்றாக இருந்தது. அவர் சோம்பலினால் வானத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று லெப்பை மாற்றிச் சொன்னார்.

"அந்த ஊர்க் கப்பிக்கு எண்ணெய் விட ஆளில்லியா?" என்றார் ஹஜ்ரத்.

லெப்பை சிரிக்கவில்லை. ஹஜ்ரத்தின் முகத்திலிருந்த சிரிப்பும் மெல்லப் போய்விட்டது.

"எத்தனை நாளா?"

"அதுதான் தெரியலே, ஹஜ்ரத். கணக்குத் தெரியாம எப்படிக் களா தொழுறது? தவறிப் போனதைத் திரும்பத் தொழுங்கன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? அதுல கொழும்புக்குக் கப்பலேறினவங்க எத்தனை பேரு! மறுமையில மஹ்ஷர் மைதானத்துல ஊரே வந்து என் கழுத்தைப் பிடிக்காதா? அந்த மோதினார் கழுத்தைச் சொல்றேன்."

"ஒண்ணு" என்றார் ஹஜ்ரத்.

"என்ன ஒண்ணு?"

"அந்த ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு தொழுகைதான் களா."

லெப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"நேரத்துக்கு முந்தி இன்னிக்குத் தொழுதது இன்னிக்குச் சேராது" என்றார் ஹஜ்ரத். "ஆனா நேத்து சுபுஹு பாக்கி நிக்குதில்லே? அதுக்குப் போய்ச் சேர்ந்துடும். நேத்துத் தொழுதது முந்தாநாளுக்கு. முந்தாநாள் தொழுதது அதுக்கு முந்தின நாளுக்கு. ஒண்ணை ஒண்ணு அடைச்சுக்கிட்டே வரும். கடைசி நாளோட சுபுஹு மட்டும்தான் மிச்சம். இருபது வருஷம் இப்படி நடந்திருந்தாலும் ஒண்ணுதான். நம்ம மத்ஹபுச் சட்டத்துல பெரியவங்க தீர்ப்புச் சொல்லியிருக்காங்க."

லெப்பைக்கு மூச்சு வந்தது. ஒண்ணு! அவர் வாய்விட்டுச் சிரித்திருப்பார். அதற்குள் ஹஜ்ரத் சொன்ன ஒரு வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசி நாள். ஊருக்குக் கடைசி நாள் இன்றைக்கு. அதை நாளைக்கே தொழுது தீர்த்துவிடலாம். எட்டு நாளைக்கு முன்பே கடைசி நாள் வந்துவிட்டவர்கள் எப்படித் தீர்ப்பார்கள்?

"ஹஜ்ரத்."

"சொல்லுங்க."

"இடையில அந்த ஊர்ல ஒருத்தங்க மவுத்தாகியிருந்தா?"

ஹஜ்ரத் கிதாபைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்போ மவுத்தானாங்க?"

"தொழுதுட்டு."

"எப்போன்னு கேட்டேன், காக்கா. தொழுது எவ்வளவு நேரம் கழிச்சு?"

 "தெரியாது" என்றார் லெப்பை.

 ஹஜ்ரத் கிதாபைச் சுற்றி முடித்து அலமாரியில் வைத்தார்.

"காலைல நீங்க கப்பியைத் தொடவேண்டாம்" என்றார். "நான் வர்றேன்."

லெப்பை அன்று கண்ணை மூடவே இல்லை. ஹஜ்ரத் வந்தபோது கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இருவரும் மினாராவின் படியேறி மேலே போய்க் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஊர் தூங்கியது. கப்பி கத்தாததால் பரதவர்களும் தூங்கினார்கள். கடல் மட்டும் கீழே இரைந்துகொண்டிருந்தது.

"ஹஜ்ரத், நேரமாயிடுச்சு."

"இல்லே."

"விடிஞ்சிருக்கும், ஹஜ்ரத்."

"இல்லே, காக்கா."

 இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த ஊர் விடியாமலே போய்விடும் என்று லெப்பைக்குத் தோன்றியது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டால்கூடத் தேவலை. எழப்போனவரின் தோளில் ஹஜ்ரத் கை வைத்தார்.

"கிழக்கே என்ன தெரியுது, சொல்லுங்க."

லெப்பை பார்த்தார். "ஒண்ணும் தெரியலே."

"மூட்டமா இருக்கா?"

மூட்டம் என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

"இல்லே ஹஜ்ரத். எனக்குக் கண்ணு தெரியலே. மழைக்கு முந்தியே போச்சு."

"ம்."

"அந்தத் தூரத்து ஊர் நம்ம ஊர்தான்."

"அது தெரியும். வேற?"

  லெப்பை தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"உம்மா தொழுத சுபுஹு, வக்துக்கு முந்தித் தொழுதது. நான் சொன்ன பாங்கைக் கேட்டுத்தான் எந்திரிச்சாங்க. அந்தத் தொழுகைதான் உங்களுக்கு ஒரே ஆறுதல்னு எனக்குத் தெரியும். உங்க கையைப் பிடிச்சுச் சொன்னவனே நான்தான்."



லெப்பையால் ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருட்டு ஒரு பக்கம், புரை ஒரு பக்கம். அழுகிறாரா, கோபப்படுகிறாரா? ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் லெப்பை நிம்மதி அடைந்திருப்பார். பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. 

வெகுநேரம் கழித்து ஹஜ்ரத் சொன்னார். "ஒரு வெளிச்சம் வருது. கம்பு நட்ட மாதிரி நேரா நிக்குது."

லெப்பை துள்ளி எழுந்தார். "சொல்லிடவா?"

"உக்காருங்க. இது பொய் வெளிச்சம். அணைஞ்சுடும்."

அணைந்தது. மறுபடி இருட்டு. லெப்பை காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு விடியலுக்கு இவ்வளவு நேரம் அவர் காத்திருந்ததில்லை.

"இப்போ கடல்மேல குறுக்கே ஒரு வெள்ளை படருது" என்றார் ஹஜ்ரத். "வடக்கேயும் போகுது. தெற்கேயும் போகுது. விடிஞ்சுது, காக்கா. பாங்கு சொல்லுங்க."

"நானா?"

"வேற யாரு?"

"கண்ணு தெரியாதவன்கிட்ட இந்த அமானிதப் பொறுப்பை இன்னும் வைக்கலாமா, ஹஜ்ரத்?"

"கண்ணு தெரியாதவங்க பாங்கு சொன்னது நபி காலத்துலயே உண்டு. விடிஞ்சுதுன்னு யாராவது சொன்னப்புறம் சொல்வாங்க. இப்போ நான் சொல்லிட்டேன்."

லெப்பை காதில் விரல் வைத்தார். குரல் முதல் தடவை உடைந்தது. பிறகு நேராயிற்று. முடித்துவிட்டு இறங்கும்போது கீழே மதிலுக்கு வெளியே தொம்மை கத்திக்கொண்டிருந்தான்.

"மோதினாரே! கப்பிக்கு என்ன வந்துச்சு? நல்லாத்தானே இருக்கீங்க? எங்க பயலுவ ஒருத்தன்கூட எந்திரிக்கல!"

அன்றைய ஜமாஅத் தொழுகையில் ஸலாம் கொடுத்து முடிந்ததும் ஹஜ்ரத் திரும்பி உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் லெப்பை எழுந்து நின்றுவிட்டார். கண்ணைப் பற்றிச் சொன்னார். வள்ளத்தைப் பற்றிச் சொன்னார். கப்பியைப் பற்றிச் சொன்னார். 

"எத்தனை நாளா இப்படி, காணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"எத்தனை நாளானாலும் ஒண்ணுதான்" என்றார் ஹஜ்ரத். முந்தின இரவு சொன்னதையே மறுபடி சொன்னார். சிலர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். எப்படி எண்ணினாலும் ஒன்றுதான் வந்தது.

"அது சரி, இனிமே இவரை எப்படி நம்புறது?" என்றார் ஒரு மரைக்காயர். "வேற ஆளைப் பாருங்க, ஹஜ்ரத்."

"வானத்தைப் பாக்காம முன்னாடி நின்னு தொழவச்சவன் நான். முதல்ல எனக்கு வேற ஆளைப் பாருங்க. அதுவரைக்கும் நான் பாத்துச் சொல்றேன், அவர் பாங்கு சொல்லட்டும்."

மரைக்காயர் முணுமுணுத்தார். ஆனாலும் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து அவரவர் களாவைத் தொழுதார்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் சொல்லிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

லெப்பை ஹவுள் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஊரைப் பற்றிய பயம் போய்விட்டது. வேலையைப் பற்றிய பயமும் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு பயம் மட்டும் இப்போது இடம் தாராளமாகக் கிடைத்ததுபோல் நெஞ்சு முழுக்கப் பரவியது. ஹஜ்ரத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்கெல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டீங்க, ஹஜ்ரத். எல்லாரும் தொழுதுட்டாங்க. உம்மாவால எந்திரிச்சு வந்து தொழ முடியாதே. அவங்க என்னாலே ஒரு தொழுகையைப் பாக்கி வச்சுட்டுக் கபுறுக்குப் போயிட்டாங்களே!"

ஹஜ்ரத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உம்மா ஸலாம் கொடுத்துட்டு எம் மடியிலதான் சாஞ்சாங்க" என்றார். "நான்தான் அவங்க கண்ணை மூடிவிட்டேன். ஆளனுப்பலாம்னு வாசக் கதவைத் திறந்தேன். ஒரே இருட்டு. மூட்டம்கூட இல்லே, நட்சத்திரம் அத்தனையும் தெரிஞ்சுது. பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாச்சே, ஏன் இப்படி இருட்டா இருக்குன்னு யோசிச்சேன். துக்கத்துல எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். திரும்ப உள்ளே வந்து அவங்க தலைமாட்டுல உக்காந்து யாசீன் ஓதினேன். ஓதி முடிச்சு வெகுநேரம் அப்படியே இருந்தேன். அதுக்கப்புறம்தான் ஜன்னல் வெளுத்துச்சு."

லெப்பைக்கு விளங்கவில்லை. "அப்போ, ஹஜ்ரத்?"

"வக்து வர்றப்போ உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் அந்தத் தொழுகை கடமை. உம்மாவுக்கு அந்த சுபுஹு வரவே இல்லே. அவங்க கடைசியாத் தொழுதது முந்தின நாளுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. நேத்து ராத்திரி வீட்டுல தனியா உக்காந்து திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்தேன். இந்த ஊர்லயே ஒண்ணும் பாக்கி இல்லாதவங்க எங்க உம்மா ஒருத்தங்கதான்."

லெப்பை தலைப்பாகைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஹஜ்ரத் அவரை அழவிட்டார். பள்ளிக்குள் யாரும் இல்லை. வெளியே வெயில் வர ஆரம்பித்திருந்தது.

"காக்கா" என்றார் ஹஜ்ரத்.

"ஹஜ்ரத்."

"எல்லாரும் தொழுதுட்டுப் போயிட்டாங்க. உங்களோட ஒண்ணு இன்னும் நிக்குது. எந்திரிங்க."